அன்றிரவு அவள் எங்கே படுப்பாள்?

(மயிலாப்பூரில் நடந்த மாதர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



நவம்பர் 25ஆம் தேதியைப் பெண்கள் மீதான வன்முறையை எதிர்க்கும் நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கிறார்கள். 1960இல் இதே தேதியில் டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்கள் மிராபல் சகோதரிகள் மூவரைக் கொன்றார்கள். அவர்கள் நினைவாக ஐ.நா. சபை 1999இல் இந்த நாளை அறிவித்தது. தலைமை வகிக்கும் அம்மையார் இதையெல்லாம் விளக்கமாகவே சொல்லிவிட்டார். ஆகவே நாம் நேரே நம்முடைய தெருவுக்கு வந்துவிடுவோம்.

இரவு பதினொரு மணி. குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எட்டுக் குடித்தனம் உள்ள வீடு. ஒரு கதவுக்குப் பின்னால் பாத்திரம் உருளுகிறது. பிறகு ஒரு பெண்ணின் குரல். பிறகு குழந்தையின் அழுகை. பக்கத்துக் குடித்தனத்தில் என்ன செய்கிறார்கள்? டி.வி.யின் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அடையாறில் அடுக்கு மாடி வீடு என்றால் ஜன்னலைச் சாத்தி ஏ.ஸி.யைப் போடுகிறார்கள். "வீட்டுக்கு வீடு வாசப்படி" என்று ஒரு பழமொழி நம்மிடம் தயாராக இருக்கிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று இன்னொன்று. காலையில் தண்ணீர் லாரிக்கு முன்னால் அவள் வீங்கிய முகத்தோடு குடம் வைக்கிறாள். "படியிலே விழுந்துட்டேன்" என்கிறாள். எல்லாரும் நம்புகிறார்கள். அந்த வீட்டில் படியே கிடையாது!

இதைப் பற்றிப் பேசும்போது படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இவ்வளவு அடி வாங்கிக்கொண்டு அவள் ஏன் அங்கேயே இருக்கிறாள்?" இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்பதற்காகவே நாம் இன்று பேச வந்திருக்கிறோம். அவள் வெளியே வந்தால், அன்றிரவு எங்கே படுப்பாள்?

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து நமக்கு வந்ததல்ல. நம்முடைய தவறிலிருந்து வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கிளையில் ஒரு தோழர் இருந்தார். ஊர்வலம் என்றால் முதல் ஆள். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவது முதல் உண்டியல் குலுக்குவது வரை எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். ஒரு நாள் மாலை அவருடைய மனைவி இரண்டு குழந்தைகளோடு அலுவலகத்துக்கு வந்தார். நெற்றியில் காயம். "நீங்க சொன்னா கேப்பாரு, தோழர்" என்றார். நாங்கள் என்ன செய்தோம்? டீ வாங்கிக் கொடுத்தோம். "வேலை போன வருத்தத்தில் இருக்கிறார் அம்மா, மற்றபடி நல்ல மனிதர், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், நாங்கள் பேசுகிறோம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். பேசவும் பேசினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றார். "என் மானத்தைக் கட்சி ஆபீஸ் வரைக்கும் கொண்டு போயிட்டியா" என்று அன்றிரவு அந்த அம்மாள் கூடுதலாக அடி வாங்கினார் என்பது எட்டு நாள் கழித்து, ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட இடது கையைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "உங்ககிட்ட வந்தது என் தப்பு, தோழர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவருடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறோம். பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சுரண்டலை எதிர்த்துத் தொண்டை கிழியப் பேசுகிற நாம், நம் அலுவலகத்து வாசலுக்கு வந்த ஒரு பெண்ணை அடி விழும் இடத்துக்கே திருப்பி அனுப்பினோம். காரணம்? அவரை வேறு எங்கே அனுப்புவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதுவரை தோன்றியதும் இல்லை.

ஆனால் இந்த ஊருக்கு இது தெரியாத விஷயமல்ல. 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைச் சில பெண்கள் தட்டினார்கள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்திலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் விடுதிகளைக் கேட்டார். அங்கே இடம் கிடைக்கவில்லை. தாசி குலத்துப் பெண்கள் என்பதுதான் காரணம். சரி, என் வீட்டிலேயே இருங்கள் என்றார். அப்படித்தான் அவ்வை இல்லம் பிறந்தது. பிறகு அது அடையாறுக்கு வந்தது, இன்றும் இருக்கிறது. நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்போம், பள்ளிக்கூடம் என்று நினைத்திருப்போம். பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் வந்தது. கதவு திறந்தது அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னால்! அவருடைய தாயாரும் அந்தக் குலத்தில் பிறந்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டசபையில் உட்கார்ந்திருந்தபோதும் தட்டுகிற சத்தம் அவர் காதில் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

அவருக்கும் முன்னால் சகோதரி சுப்பலட்சுமி. தாமே பால்ய விதவை. 1911இல் பட்டம் பெற்றவர். தலையை மழித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட சிறுமிகளைச் சேர்த்துப் படிக்க வைத்தார். கடற்கரையில் ஐஸ்ஹவுஸ் என்கிறோமே, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைப் போட்டு வைத்த கட்டடம், அதில் அந்தப் பெண்கள் தங்கினார்கள். லண்டனில் சிஸ்விக் என்ற இடத்தில் அடிபட்ட மனைவிகளுக்காக 1971இல் திறந்த புகலிடத்தைத்தான் இக்காலப் புகலிடங்களுக்கு முன்னோடி என்று உலகம் பேசுகிறது. பேசட்டும். இந்த நோக்கம் வேறு வகையில் நம் ஊரில் அறுபது ஆண்டுகள் முன்பே நடைமுறையில் இருந்தது.

இவையெல்லாம் தரும சிந்தனை உள்ள மேல்தட்டு மனிதர்களின் காரியம், பாட்டாளி மக்களின் இயக்கம் அல்ல என்று ஒரு தோழர் சொன்னார். உண்மைதான். நன்கொடை கொடுக்கிறவர் மனம் வைத்தால்தான் இல்லம் நடக்கும், இடம் குறைவு, கட்டுப்பாடுகள் அதிகம். தருமம் வேறு, உரிமை வேறு. ஆனால் அந்த விமர்சனத்தைச் சொல்வதற்கு முன், நம் கிளை அன்று ஒரு பாய்கூட விரித்துக் கொடுக்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உரிமைக்கு வருவோம். 2005இல் நிறைவேறி 2006 அக்டோபர் 26 முதல் அமுலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். நான்கு... ஐந்து கைகள். அந்தச் சட்டம் சொல்வது என்ன? வீடு யார் பேரில் இருந்தாலும் சரி, அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து அவளை வெளியே தள்ள முடியாது. மாமனார் பேரில் உள்ள வீடு என்று சொல்லி நீண்ட காலம் கோர்ட்டில் தப்பித்து வந்தார்கள். 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அந்த வாசலையும் அடைத்துவிட்டது; புகுந்த வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும், அவள் குடித்தனம் நடத்திய வீடு என்றால் அவளுக்கு அங்கே இருக்க உரிமை உண்டு. மாஜிஸ்திரேட்டு உத்தரவிட்டால் அவள் வெளியே போக வேண்டியதில்லை, அவன்தான் போக வேண்டும்! பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. அடி மட்டுமல்ல, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும், சோற்றுக்குப் பணம் தராமல் வைப்பதும், நாக்கில் நரம்பில்லாமல் ஏசுவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். மனைவி மட்டுமல்ல, தாய், சகோதரி, தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவள், எல்லாரும் கேட்கலாம். மனு கொடுத்தால் மூன்று நாளுக்குள் விசாரணைக்கு எடுக்க வேண்டும், அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

எழுதியிருக்கிறது. சைதாப்பேட்டைக் கோர்ட்டு வராந்தாவில் நின்றவர்களுக்கு அந்த அறுபது நாள் எவ்வளவு நீளும் என்று தெரியும்.

கோர்ட்டுக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. 1992இல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் போலீஸ் ஸ்டேஷன் நமக்குப் பக்கத்தில், ஆயிரம் விளக்கில்தான் திறக்கப்பட்டது. ஆண் போலீஸ்காரரிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தைப் பெண்ணிடம் சொல்லலாம் என்பது நல்ல ஏற்பாடு, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அனுபவம் என்ன? ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு நாங்கள் ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு கணவனை அழைத்தார்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "இனிமே அடிக்க மாட்டேன்னு எழுதிக் கொடு" என்றார்கள். எழுதினான். அவளுக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. முடிந்தது விவகாரம்! சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது. எப்.ஐ.ஆர்.தான் வழக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பெண்கள் எத்தனை பேர்!

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போனால் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். யார் அடித்தது, எதனால் அடித்தது என்று சொல்லுங்கள். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னால் கோர்ட்டில் பேசும். மாஜிஸ்திரேட்டு முன் அழுகையை விட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

சரி, இத்தனை உரிமை இருந்தும் பெண்கள் ஏன் வருவதில்லை? சர்க்காரே 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு முழுவதற்கும் 29. நம் மாநிலம் படிப்பில் முன்னே, ஆஸ்பத்திரியில் முன்னே, தொழிலில் முன்னே. இதிலும் முன்னே! வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள், இந்தியா முழுவதற்கும், நூற்றுக்கு 14 பேர். முக்கால்வாசிப் பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறந்து சொல்லவும் இல்லை.

குடிதான் காரணம் என்பார்கள். 2003இலிருந்து சர்க்காரே சாராயக் கடை நடத்துகிற மாநிலத்தில் அதை ஒதுக்கிவிட முடியாது. டாஸ்மாக்கை எதிர்த்து நம் மாதர்கள் மறியல் செய்தது நியாயமே. ஆனால் நாம் பார்த்த வரையில், குடிகாரன் தெருவில் போலீஸ்காரரை அடிப்பதில்லை, முதலாளியை அடிப்பதில்லை. வீடு வரைக்கும் பத்திரமாக வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். அந்த அளவுக்கு அவனுக்கு நிதானம் இருக்கிறது. வறுமை ஒழிந்தால் இது தானே ஒழியும் என்று சொல்கிற தோழர்களும் உண்டு. அடையாறுப் பங்களாவில் என்ன வறுமை? அங்கே வேலை செய்கிற நம் சகோதரிகளைக் கேளுங்கள். எஜமானியம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற நாட்களை அவர்கள் சொல்வார்கள்.

வறுமைக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லவில்லை. பங்கு எங்கே என்று சரியாகப் பார்க்க வேண்டும் என்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவம் கரையிலும் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்கும் முன்பே கண்ணகி நகர். மயிலாப்பூரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சர்க்கார் கணக்கில் அது மாற்று வீடு. பெண்ணின் கணக்கில்? பழைய குப்பத்தில் அவள் கத்தினால் நாலாவது வீட்டிலிருந்து அவளுடைய அம்மா ஓடி வருவாள். அத்தை வருவாள். மீன் கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வருவாள். எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடியில், யாரென்றே தெரியாத கதவுகளுக்கு நடுவில், யார் வருவார்? அம்மாவை ஒரு மூலைக்கும் மகளை ஒரு மூலைக்கும் ஒதுக்கீடு செய்தவர்கள் இதை யோசித்தார்களா? குடிசையை மட்டும் இடிக்கவில்லை. அவளைக் காப்பாற்றிய தெருவையும் இடித்தார்கள்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதை ஓட்டுக்கான சலுகை என்று சிலர் கிண்டல் செய்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கையில் காசில்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரும்பாக்கத்திலிருந்து மந்தைவெளியில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணை நமக்குத் தெரியும். அவளிடம் போய்க் கிண்டல் செய்யட்டும்.

தியாகராய நகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் நாள் முழுதும் நின்றுகொண்டு புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்காருவதற்கே 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது! பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்தக் கடையானாலும் பாலியல் தொல்லை பற்றி விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013இன் சட்டம். உங்கள் கடையில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். வீட்டு வேலை செய்கிறவர்கள் எங்கே போவது? மாவட்டத்துக்கு ஒரு குழு உண்டு. கலெக்டர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் ஏழு நாளுக்குள் அந்தக் குழுவே போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்துக்கு மட்டும் சட்டத்தில் மருந்து எழுதப்படவில்லை. அதற்குச் சங்கம்தான் வேண்டும்.

துணிந்து புகார் கொடுத்தவளுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் நாம் பார்த்தோம். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமை உங்களுக்குத் தெரியும். அவள் மறைக்கவில்லை; போய்ப் புகார் கொடுத்தாள். அந்த எப்.ஐ.ஆர். அவளுடைய அடையாளத்தோடு வெளியே வந்து செல்போன் செல்போனாகச் சுற்றியது! ஹைகோர்ட்டு தலையிட்டது. மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது, எப்.ஐ.ஆர். எழுதிய விதத்தையே கண்டித்தது; அந்த மாணவிக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னது. 2025 ஜூன் 2ஆம் தேதி குற்றவாளிக்கு முப்பது ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐந்தே மாதத்தில் தீர்ப்பு என்பது வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாளைத் தன் கைபேசியிலிருந்து அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். பாதிக்கப்பட்டவளின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். "பாவம் அந்தப் பொண்ணு" என்று எழுதி அனுப்பினாலும் குற்றம்தான்.

கூட நிற்பது என்றால் எவ்வளவு நாள் என்று ஒரு இளைஞர் கேட்டார். வாச்சாத்தியைச் சொன்னோம். 1992 ஜூன் 20இல் தருமபுரி மாவட்டத்து அந்த மலைவாழ் மக்களின் ஊரில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் அந்தப் பெண்களோடு நின்றன. இதே சென்னையில் வாழ்ந்த தோழர் மைதிலி சிவராமன் அங்கே போய் அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி வெளி உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 2011 செப்டம்பர் 29இல் தீர்ப்பு: குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். ஹைகோர்ட்டு அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தொரு வருஷம். மைதிலி 2021இலேயே காலமாகிவிட்டார். அத்தனை காலமும் அந்தப் பெண்களை ஒவ்வொரு வாய்தாவுக்கும் அழைத்துப் போக, பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் ஏற்பாடு செய்ய, யாரோ இருந்தார்கள். பத்திரிகையில் அவர்கள் பெயர் வரவில்லை.

நம் பகுதியில் என்ன செய்வது? பெரிய திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. 2008இல் "பெல் பஜாவோ" என்று ஒரு பிரச்சாரம் நடந்தது. பக்கத்து வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டால் போய்க் கதவு மணியை அடி, அவ்வளவுதான். பால் இருக்கிறதா என்று கேள், மணி என்ன என்று கேள். வெளியே ஆள் இருக்கிறது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரிந்தால் கை தாழும். இதை நாங்கள் இரண்டு சந்துகளில் செய்து பார்த்தோம். ஒரு வீட்டில் எங்களையே அடிக்க வந்தான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆகவே தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராகப் போங்கள். பெண்கள் முன்னால் நிற்கட்டும். அவளைக் கேட்காமல் அவனிடம் நியாயம் பேசப் போகாதீர்கள். நாங்கள் செய்த தவறு அதுதான். நம் வாய்க்கு அவள் முதுகு பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்தது, ஒரு துணிப்பை. ஸ்மார்ட் கார்டு, ஆதார், பாங்க் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, இவற்றின் நகல்களும் இரண்டு செட் துணியும் போட்டு, நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்து வைக்க வேண்டும். ஓடி வரும்போது இதையெல்லாம் தேட முடியாது. 181 என்ற எண்ணை மனப்பாடம் செய்யுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். தீக்காயத்தோடு தப்பிய பெண்களுக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் உதவி செய்யும் பி.சி.வி.சி. என்ற ஸ்தாபனம் 2001 முதல் இந்நகரில் இருக்கிறது. அப்படித் தப்பிய பெண்கள் சிலர் பயிற்சி பெற்று, ராயப்பேட்டைப் பக்கம் ஒரு காப்பிக் கடையில் ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்றார்கள். தழும்பேறிய கையால் கொடுத்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்டவர்களும் வாங்கித்தான் தின்றார்கள். நம் இயக்கத்தைச் சேராதவர்கள் செய்கிற வேலை என்று ஒதுங்குவது மடத்தனம். யார் கதவு திறந்திருக்கிறதோ அங்கே அனுப்புவோம்.

கடைசியாக, பாய். ராத்திரி வந்தால் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு பெண்ணையும் குழந்தைகளையும் தங்க வைக்கக்கூடிய வீடுகள் நமக்கு வேண்டும். அறை தனியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கணவன் வாசலில் வந்து கத்தினால் கதவைத் திறக்காத நெஞ்சு இருந்தால் போதும். எந்த வீடு என்பது குழுவில் மூன்று பேருக்கு மேல் தெரியாது. கை முறிந்து கிடந்தாரே, அந்த அம்மாள்தான் முதலில் தன் வீட்டைத் தந்தார். மந்தைவெளிப் பக்கம் நாலு வீட்டில் சமையல் வேலை பார்த்து, பத்துக்குப் பத்து அறையில் பிள்ளைகளை வளர்த்தவர். "அன்னிக்கு நீங்க இப்படி ஒரு வீடு காட்டியிருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

வாசலில் மேஜை மீது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பெயரும் போன் எண்ணும் எழுதுங்கள். வீடு தர முடியாதவர்கள் கோர்ட்டுக்குத் துணை போக எழுதலாம். ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போகும், அதையும் யோசித்து எழுதுங்கள். கூட்டம் தொடங்கும் வரை பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். பின்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தோழர்கள் போகும்போது அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். பேனாவும் அங்கேதான் கட்டி வைத்திருக்கிறது.